காணாமையை அளத்தல்: சார்ம் துகள்களின் அரிய சிதைவுகளும் இன்மை என்னும் அளவையும்

ஆய்வுச் சுருக்கம்

துகள் மோதுவிகளில் நடைபெறும் ஆய்வுகள் பலவற்றின் முடிவு ஒரு நிகழ்வைக் கண்டதாக அமைவதில்லை. அந்நிகழ்வு குறிப்பிட்ட ஓர் அளவுக்கு மேல் நிகழ்வதில்லை என்பதாகவே அமைகிறது. சார்ம் குவார்க்கு கொண்ட டி மேசான் இரண்டு மியூவான்களாகச் சிதைவதைத் தேடும் ஆய்வுகள் இதற்குத் தக்க சான்று. இத்தகைய 'காணாமை' எவ்வாறு ஓர் எண்ணாக மாறுகிறது, அவ்வெண்ணின் நம்பகம் எதைச் சார்ந்திருக்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இம்முடிவுகளைத் தமிழில் எழுதும்போது எழும் சொற்சிக்கல்களும், தமிழ் அளவை மரபில் 'அபாவம்' எனப்பட்ட இன்மையறிவும், சங்க இலக்கியச் சொல்லாய்வில் 'இச்சொல் காணப்படவில்லை' என்னும் வாதத்தின் வலிமையும் இதனோடு இணைத்து நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சார்ம் குவார்க்கு, டி மேசான், அரிய சிதைவு, மேல்வரம்பு, மியூவான், அபாவம், அறிவியல் தமிழ்.

முன்னுரை

செர்ன் ஆய்வு மையத்தின் பெரும் ஆட்ரான் மோதுவியில் இயங்கும் சி.எம்.எஸ். ஆய்வுக்குழு, மின்னூட்டமற்ற டி மேசான் இரண்டு மியூவான்களாகச் சிதைவதைத் தேடிய தன் ஆய்வின் முடிவை 2025இல் வெளியிட்டது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் திரட்டிய மோதல் தரவுகளை ஆராய்ந்த அக்குழுவுக்கு அச்சிதைவு தென்படவில்லை. ஆயினும் அம்முடிவு வெறுங்கையாக வெளியிடப்படவில்லை. நூறு கோடி டி மேசான்கள் சிதைவுற்றால் அவற்றுள் 2.1க்கு மேற்பட்டவை இவ்வழியில் சிதைவதில்லை என்று, 90 விழுக்காடு நம்பிக்கை மட்டத்தில், ஓர் எண்ணோடு அது அறிவிக்கப்பட்டது.

இம்முடிவைத் தமிழில் ஒரே தொடரில் எழுத முனைபவர் உடனே இடறுவர். 'கண்டறிய இயலவில்லை' என்று எழுதினால் ஆய்வு தோற்றதாகப் பொருள்படும். 'அத்தகைய சிதைவு இல்லை' என்று எழுதினால் ஆய்வாளர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகும். மேலும் அது தவறு, ஏனெனில் அச்சிதைவு மிக அருகியேனும் நிகழ்ந்தே தீரும் என்பது இன்றைய கோட்பாடு. 'காணவில்லை' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் இடையில் நிற்கும் ஒரு கூற்று இது. அவ்விடைநிலை எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை இயற்பியல் பின்புலம் இல்லாத தமிழாய்வாளரும் முழுமையாக விளங்கிக்கொள்ள முடியும். விளங்கிக்கொள்வதால் நம் துறைக்கும் ஒரு பயன் உண்டு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அப்பயன் இறுதிப் பகுதியில் கூறப்படும்.

பெயர்கள் பற்றி

புரோட்டான், நியூட்ரான் ஆகியவற்றின் உள்ளுறுப்புகள் குவார்க்குகள். அவை அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச், சார்ம், பாட்டம், டாப் என அறுவகைப்படும். 'சார்ம்' என்பதைக் 'கவர்ச்சி' என மொழிபெயர்க்கும் வழக்கம் சில நூல்களில் உள்ளது. இதனை ஏற்பதற்கில்லை. காந்தம் இரும்பை இழுப்பதைக் 'கவர்ச்சி விசை' என்று நம் பள்ளிப் பாடநூல்கள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. 'கவர்ச்சிக் குவார்க்கு' என்று படிக்கும் மாணவர் அது ஏதோ ஒன்றை இழுக்கும் துகள் என்று எண்ணுவதில் வியப்பில்லை. குவார்க்கின் பெயரோ எப்பண்பையும் விளக்குவதன்று, அது இடுகுறிப்பெயர். இடுகுறிப்பெயரை மொழிபெயர்த்தால் அது காரணப்பெயர் போலத் தோன்றி மயக்கும். எனவே இங்கு 'சார்ம்' என்றே ஆளப்படுகிறது.

'சிதைவு' என்னும் சொல்லிலும் ஓர் இடர் உண்டு. மண்பாண்டம் சிதைந்தால் கிடைக்கும் ஓடுகள் முன்பே பாண்டத்தில் இருந்தவை. டி மேசான் சிதைந்து தரும் மியூவான்கள் அதனுள் முன்பு இருந்தவை அல்ல. சிதையும் கணத்தில் புதிதாகத் தோன்றுபவை. 'மாறுகை' என்பது பொருளுக்கு நெருக்கமாக இருக்கும். எனினும் கதிரியக்கச் சிதைவு என்னும் வழக்கு ஊன்றிவிட்டதால் அதனை மாற்றுவது வீண். 'அரிய' என்னும் அடை மட்டும் மிகப் பொருத்தமாக வாய்த்திருக்கிறது. தமிழில் அரிது என்பது அருகி நிகழ்வதையும் செய்தற்குக் கடினமானதையும் ஒருங்கே சுட்டும்; இங்கு இரண்டும் உண்மை.

அருமை கற்பித்த துகள்

சார்ம் குவார்க்கின் வரலாறே ஓர் அரிய சிதைவிலிருந்து தொடங்குகிறது. 1960களின் இறுதியில் அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச் என மூன்று குவார்க்குகள் மட்டுமே கருதப்பட்டன. மூன்று மட்டுமே என்றால், மின்னூட்டமற்ற கேயான் இரண்டு மியூவான்களாகச் சிதைவது ஓரளவு தாராளமாகவே நிகழ வேண்டும். ஆய்வுகளிலோ அது கிடைக்கவில்லை. கோட்பாடு எதிர்பார்த்ததற்கும் ஆய்வின் வரம்புக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. 1970இல் ஷெல்டன் கிளாஷோ, ஜான் இலியோபூலோஸ், லூசியானோ மையானி ஆகிய மூவரும் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். நான்காவதாக ஒரு குவார்க்கு இருப்பின், அது தரும் பங்கு முன்னைய பங்கோடு எதிர்க்குறியில் கூடி ஏறத்தாழ முழுவதையும் நீக்கிவிடும். எஞ்சுவது மிகச் சிறிதே. இன்று அந்தக் கேயான் சிதைவு அளக்கப்பட்டுள்ளது: நூறு கோடிக்கு ஏறத்தாழ ஏழு.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1974 நவம்பரில், புரூக்ஹேவனில் சாமுவேல் டிங்கின் குழுவும் ஸ்டான்ஃபோர்டில் பர்ட்டன் ரிக்டரின் குழுவும் சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் இணைந்த துகளைத் தனித்தனியே கண்டன. 1976இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டில் டி மேசானும் காணப்பட்டது. காணப்படாத ஒன்றின் அளவு, அதுவரை எவரும் காணாத மற்றொன்றைச் சுட்டியது என்பதே இங்கு நினைவிற்கொள்ள வேண்டியது.

டி மேசானுக்கும் அதே நீக்கம் பொருந்தும். இன்னும் கடுமையாகப் பொருந்தும். கேயான் சிதைவில் இடைநின்று பங்களிப்பவை அப், சார்ம், டாப் ஆகியவை. பாட்டம் குவார்க்கு கொண்ட பி மேசானின் சிதைவிலும் மிகக் கனமான டாப் குவார்க்கு நீக்கத்தைப் பெரிதும் கெடுத்துவிடுகிறது. ஆகையால் பி மேசான் வகையொன்று இரு மியூவான்களாகச் சிதைவது நூறு கோடிக்கு மூன்று என்ற அளவில் நிகழ்கிறது. அதனைச் சி.எம்.எஸ்., எல்.எச்.சி.பி. ஆகிய இரு குழுக்களும் கண்டுவிட்டன. சார்ம் சிதைவில் இடைநிற்பவை டவுன், ஸ்ட்ரேஞ்ச், பாட்டம் ஆகியவை. முதல் இரண்டும் இலேசானவை. மூன்றாவதன் இணைப்பு மிக நலிந்தது. எனவே நீக்கம் ஏறத்தாழ முழுமையடைகிறது. டி மேசான் முதலில் இரண்டு ஒளியன்களாகி, அவை மியூவான் இணையாகும் சுற்றுவழியே பெரும்பங்கு தருகிறது. அதையும் கணக்கிட்டால் கிடைக்கும் கோட்பாட்டு மதிப்பு, பத்து இலட்சம் கோடிக்கு ஏறத்தாழ மூன்று.

நூறு கோடிக்கு இரண்டு என்னும் ஆய்வின் வரம்புக்கும் பத்து இலட்சம் கோடிக்கு மூன்று என்னும் கோட்பாட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஏழாயிரம் மடங்கு இடைவெளி உள்ளது. இவ்விடைவெளியில் ஒரு சிதைவு தென்படுமானால் அதற்கு இன்றைய கோட்பாட்டில் இடமில்லை. 1970இல் நேர்ந்தது போல இன்னுமொரு துகளையோ விசையையோ தேடவேண்டிவரும். பிற சார்ம் சிதைவுகளில் இத்தகைய தூய்மை இல்லை. எல்.எச்.சி.பி. குழு 2017இல் டி மேசான் இரு பையான்களும் இரு மியூவான்களுமாகச் சிதைவதைக் கண்டது. அதன் அளவு பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ ஒன்று. அரிதே ஆயினும், அதன் பெரும்பகுதி ரோ, ஃபை போன்ற இடைத்துகள்களின் வழி வருவது என்பதால் புதுமையைச் சுட்டவில்லை. இரு மியூவான் சிதைவின் மீது ஆய்வாளர் இவ்வளவு ஆர்வம் கொள்வதற்குக் காரணம் அதன் பின்புலத்தில் நிலவும் இந்த அமைதிதான்.

மியூவானை இனங்காணல்: மதுரையில் ஒரு கருவி

மியூவான் என்பது எலக்ட்ரானைப் போன்றதே; நிறையில் அதைவிட 207 மடங்கு மிக்கது. அதனைக் காணச் செர்னுக்குச் செல்ல வேண்டியதில்லை. விண்கதிர்கள் மேல்வளிமண்டலத்தில் மோதும்போது தோன்றும் மியூவான்கள் இடையறாது தரையை வந்தடைகின்றன. திருநகரில் ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் உள்ளங்கையை வானோக்கி ஒரு நிமிடம் விரித்து வைத்தால் பல பத்து மியூவான்கள் அதனை ஊடுருவிச் செல்லும்.

அவற்றைப் பதிவு செய்யும் கருவியொன்று மதுரையிலேயே உள்ளது. இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் முன்மாதிரியாக அமைக்கப்பட்ட அதன் பெயர் மினி-ஐகால். தேனி மாவட்டம் பொட்டிபுரம் மலைக்குள் ஐம்பதாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட எடையில் பெருங்கருவி ஒன்றை அமைப்பது மூலத் திட்டம். அது எதிர்ப்பாலும் வழக்குகளாலும் தடைப்பட்டு நிற்கிறது. அதன் நன்மை தீமை இக்கட்டுரைக்குப் புறம்பானது. முன்மாதிரி மட்டும் 2018 முதல் இயங்கிவருகிறது. 85 டன் எடை. 56 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புத் தகடுகள் பதினொன்று. அவற்றின் இடைவெளிகளில் பத்து அடுக்கு மின்தடைத் தட்டு உணரிகள். ஓர் உணரி என்பது இரு கண்ணாடித் தட்டுகளுக்கிடையே 2 மில்லிமீட்டர் இடைவெளியில் வளிமக் கலவையை நிரப்பி, ஏறத்தாழ பத்தாயிரம் வோல்ட் மின்னழுத்தம் தந்து வைப்பது. மியூவான் ஊடுருவும் இடத்தில் சிறு மின்பொறி எழும். அதன் இடமும் நேரமும் பதிவாகும். இரும்பைக் காந்தமாக்கியிருப்பதால் மியூவானின் பாதை வளையும். வளைவிலிருந்து அதன் உந்தத்தை அறியலாம்.

இரும்பு ஏன் என்பதுதான் நமக்கு வேண்டியது. பையான், கேயான் முதலியவை அடர்ந்த இரும்பில் அணுக்கருக்களோடு மோதி நின்றுவிடும். மியூவானுக்கு அணுக்கரு விசையில் பங்கில்லை. அது சிறிது சிறிதாக ஆற்றலை இழந்துகொண்டே கடந்து செல்லும். இரும்பின் மறுபுறம் தலைகாட்டுவதே மியூவானின் அடையாளம். சி.எம்.எஸ். கருவியின் புறப்பகுதியும் இதே நெறியில் அமைந்தது: இரும்பு அடுக்கு, உணரி அடுக்கு, மீண்டும் இரும்பு. அதன் மியூவான் உணரிகளுள் மின்தடைத் தட்டு வகையைச் சேர்ந்தவையும் உண்டு. அவற்றுள் ஒரு பகுதி இந்தியாவில் செய்யப்பட்டது. மதுரைக் கருவியில் கண்ணாடித் தட்டு, அங்கு பேக்லைட் தட்டு என்பதே முதன்மையான வேறுபாடு.

போலிகள்

டி மேசானின் வாழ்நாள் ஒரு நொடியின் பத்து இலட்சம் கோடியில் ஏறத்தாழ நான்கு பங்கு. மோதுவியில் ஒளியின் வேகத்தை நெருங்கி விரைவதால் அதற்குள் அது சில மில்லிமீட்டர் வரை செல்லக்கூடும். மோதல் நிகழ்ந்த புள்ளியிலிருந்து சற்று விலகிய ஓரிடத்தில் இரு மியூவான் பாதைகள் சந்திக்கின்றனவா என்று சிலிக்கான் உணரிகள் பார்க்கும். சந்தித்தால், இரண்டின் ஆற்றலையும் உந்தத்தையும் கூட்டி, அவற்றை ஈன்ற துகளின் நிறையைக் கணிக்கலாம். அது டி மேசானின் நிறையான ஏறத்தாழ 1865 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒத்துவர வேண்டும்.

சொல்வது எளிது. பெரும் ஆட்ரான் மோதுவியில் புரோட்டான் கற்றைத் திரள்கள் நொடிக்கு நான்கு கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. தொடர்பில்லாத இரு மியூவான்கள் தற்செயலாக ஒரே புள்ளியிலிருந்து வந்தன போலத் தோன்றுவது அங்கு மிக இயல்பு. இதனைக் குறைக்க ஓர் அழகிய உத்தி உண்டு. டி ஸ்டார் என்னும் கிளர்வுற்ற துகள், டி மேசானையும் ஒரு பையானையும் தந்து சிதையும். டி ஸ்டாருக்கும் டி மேசானுக்கும் உள்ள நிறை வேறுபாடு 145.4 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதில் பையானின் நிறைக்கே 139.6 போய்விடும். மிஞ்சுவது ஆறுக்கும் குறைவு. எனவே அந்தப் பையான் டி மேசானோடு ஒட்டினாற்போல் மெல்ல நகரும். அந்த மெல்லிய பையான் உடன்வந்தால் மட்டுமே நிகழ்வை ஏற்பது என்று விதித்துவிட்டால் போலிகளில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். உண்மை டி மேசான்களிலும் பலவற்றை இழக்க நேரிடும். ஆய்வாளர் அவ்விழப்பை அறிந்தே ஏற்கின்றனர்.

இவ்வகையில் உதிராத போலி ஒன்று உண்டு. அதுவே உண்மையில் அஞ்சத்தக்கது. டி மேசான் இரண்டு பையான்களாகச் சிதைவது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 1.45 என்ற அளவில் நிகழ்கிறது. பையானின் நிறையும் மியூவானின் நிறையும் (139.6, 105.7) நெருங்கியவை. பையான் பறந்து செல்லும்போதே மியூவானாக மாறிவிடுவதும் உண்டு. அப்போது இரும்பின் மறுபுறம் தோன்றுவது உண்மையிலேயே மியூவான்தான், பிறப்புத்தான் வேறு. ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பையான்களில் ஒன்று இவ்வாறு மியூவானாகத் தோன்றுகிறது என்று கொள்வோம். இரண்டும் ஒருசேர அவ்வாறு தோன்றுவது பத்து இலட்சத்தில் ஒன்று. அதனை 1.45/1000 ஆல் பெருக்கினால் நூறு கோடிக்கு 1.45 போலிகள். நாம் தேடும் வரம்பே நூறு கோடிக்கு இரண்டு! போலியும் மெய்யும் ஒரே அளவில் வந்து நிற்கின்றன. கேயானும் பையானுமாகச் சிதைவது இதைவிடப் பன்மடங்கு மிகுதி (நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு). எனினும் கேயானின் நிறை மியூவானினின்று வெகுவாக விலகியிருப்பதால் அப்போலியின் கணித்த நிறை வேறிடத்தில் விழுந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். இதுபோலப் பையான் எத்தனை முறை மியூவானாக ஏமாற்றுகிறது என்பதை ஊகத்துக்கு விடாமல், பையான் என்று உறுதியாகத் தெரிந்தவற்றின் தரவிலிருந்தே அளந்துகொள்கின்றனர். ஆய்வின் உழைப்பில் பெரும்பகுதி இதற்கே செல்கிறது.

பிறிதொரு போலி கருவியில் இல்லை, ஆய்வாளரிடம் உள்ளது. தெரிவு விதிகளை முடிவைப் பார்த்துக்கொண்டே மாற்றினால், விரும்பிய முடிவை அறியாமலேயே வருவித்துவிடலாம். இதனைத் தவிர்க்க, தேடும் நிறைப்பகுதியைத் தாமே திரையிட்டு மறைத்துக்கொள்கின்றனர். அதன் இருமருங்கிலும் உள்ள தரவுகளையும் கணினிப் போலச்செய்தலையும் கொண்டே எல்லா விதிகளையும் உறுதிசெய்து, சகஆய்வாளர் ஒப்புதல் பெற்ற பின்னரே திரையை விலக்குகின்றனர். விலக்கிய பின் விதியைத் திருத்துவது ஆகாது.

எண்ணிலிருந்து வரம்புக்கு

திரை விலகியது, மெய்யான நிகழ்வு எதுவும் தெரியவில்லை என்று கொள்வோம். அடுத்த கேள்வி: எத்தனை டி மேசான்களைப் பார்த்தோம்? மோதல்களில் தோன்றிய மொத்தத்தை நேரே எண்ண இயலாது. இதற்காக, அளவு நன்கறியப்பட்ட சிதைவு ஒன்றை அளவுகோலாகக் கொள்கின்றனர். மேற்சொன்ன இரு பையான் சிதைவே அது. எதிரியாக நின்றதே இங்கு அளவுகோலாக உதவுகிறது. அதே கருவியில், அதே காலத்தில், கூடியவரை அதே விதிகளால் அச்சிதைவுகள் எத்தனை கிடைத்தன என்று எண்ணினால், அதிலிருந்து மொத்த டி மேசான்களைப் பெறலாம். கருவி தவறவிட்டவை, விதிகளால் கழிந்தவை ஆகிய பிழைகளில் பெரும்பகுதி இருபுறமும் ஒத்திருப்பதால் விகிதத்தில் நீங்கிவிடும்.

இனி நம்பிக்கை மட்டம். சராசரியாக 2.3 முறை நிகழக்கூடிய ஒன்று, ஒரு குறிப்பிட்ட ஆய்வில் ஒரு முறைகூட நிகழாமற்போவதற்கு 10 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இது பாய்சான் பரவலின் எளிய விளைவு. எனவே ஒன்றும் காணாத ஆய்வாளர், 'உண்மைச் சராசரி 2.3ஐ விட மிக்கிருந்தால் பத்தில் ஒன்பது முறைக்கு மேல் நான் ஒன்றையேனும் கண்டிருப்பேன்' என்று கூறலாம். அந்த 2.3ஐ, கருவியால் காணத்தக்கனவாய் இருந்த டி மேசான்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே மேல்வரம்பு. உண்மையான ஆய்வுகளில் போலிகளும் கலந்திருப்பதால் கணக்கு இதைவிடச் சிக்கலானது, அடிப்படை இதுவே. '90 விழுக்காடு' என்பது டி மேசானைப் பற்றிய கூற்றன்று, இத்தகைய ஆய்வுகளின் தவறாமை பற்றிய கூற்று என்பதைத் தமிழில் எழுதுவோர் மறந்துவிடுவது உண்டு.

இவ்வரம்பு இறங்கிவந்த வரலாறு சுருக்கமானது. ஜப்பானின் சுக்குபாவில் இயங்கிய பெல் குழு 2010இல் கோடிக்கு 1.4 என்று வரையறுத்தது. எல்.எச்.சி.பி. குழு 2013இல் அதனை நூறு கோடிக்கு 6.2 ஆகக் குறைத்தது. 2011 முதல் 2018 வரையிலான தரவுகளைக் கொண்டு 3.1க்கு இறக்கியது. சி.எம்.எஸ். இறக்கிய அளவு 2.1. சார்ம் ஆய்வுக்கென அமைக்கப்படாத கருவி அது. 2022இல், குறைந்த நிறையுள்ள மியூவான் இணைகளையும் கழிக்காமல் சேமிக்குமாறு தன் உடனடித் தெரிவு விதியைத் தளர்த்திக்கொண்டதாலேயே அதற்கு இது இயன்றது. முன்பும் அந்நிகழ்வுகள் அக்கருவியின் ஊடாகச் சென்றுகொண்டுதான் இருந்தன, சேமிக்கப்படவில்லை, அவ்வளவே.

இம்முயற்சிகளில் தமிழகத்தின் பங்கும் உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் சி.எம்.எஸ்., சுக்குபாவின் பெல் இரண்டு, பெய்ஜிங்கின் பெஸ் மூன்று ஆகிய கூட்டாய்வுகளில் உறுப்பாக உள்ளது. பெய்ஜிங் ஆய்வின் இயல்பு வேறு. அங்கு எலக்ட்ரானும் பாசிட்ரானும் டி மேசான் இணையைத் தோற்றுவிக்க மட்டுமே போதுமான ஆற்றலில் மோதுகின்றன, வேறெதுவும் உடன்தோன்றுவதில்லை. ஒன்றை முழுமையாகக் கண்டுகொண்டால் எதிரில் மற்றொன்று இருந்தே ஆக வேண்டும், அது உணரியில் தடமே விடாமற்போனாலும். இதனால் டி மேசான் ஒரு பையானும் இரு நியூட்ரினோக்களுமாகச் சிதைவது போன்ற, கண்ணுக்கே அகப்படாத சிதைவுகளுக்கும் அங்கு வரம்பு கட்ட முடிந்தது. எண்ணிக்கையில் செர்னுக்கு ஈடாகாது. தெளிவில் செர்ன் அதற்கு ஈடாகாது.

அபாவமும் சொல்லாய்வும்

மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை பத்து அளவைகளைக் கூறுமிடத்து அபாவத்தையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. சிவஞான சித்தியாரின் அளவை இயலும் அதனைக் குறிப்பிடுகிறது. ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என அறிவதும் அறிவே என்பது இதன் கருத்து. மீமாஞ்சகருள் குமாரிலரின் வழியினர் இதற்கு ஒரு நிபந்தனை விதித்தனர்: இருந்தால் கண்டிருக்கக்கூடிய பொருளைக் காணாதபோதுதான் அதன் இன்மை அறியப்படும். பகலில் வெறுந்தரையைப் பார்த்துக் குடம் இல்லை எனலாம். இருளில் பார்த்து அவ்வாறு கூறவியலாது. மோதுவி ஆய்வை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று இதனைக் கொண்டு கூறுவது பேதைமை. அந்நிபந்தனைக்கு அவர்கள் எண் தரவில்லை, தரும் தேவையும் அவர்களுக்கு இல்லை. ஆனால் கேள்வி ஒன்றே: காணாமை எப்போது சான்றாகும்?

தமிழாய்விலும் இக்கேள்வி நாள்தோறும் எழுகிறது. 'இச்சொல் சங்க இலக்கியத்தில் காணப்படவில்லை. எனவே அக்காலத்தில் வழங்கவில்லை' என்னும் வாதத்தை நாம் அனைவரும் எழுதியிருக்கிறோம். மேற்சொன்ன கணக்கை அதற்குப் பொருத்திப் பார்க்கலாம். பாட்டும் தொகையும் சேர்ந்து 2381 பாடல்கள். ஒரு சொல் அவற்றுள் ஒன்றில்கூட இல்லை. 2381ஐ 2.3ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1035. ஆகவே 90 விழுக்காடு நம்பிக்கை மட்டத்தில் நாம் சொல்லத்தக்கது, அச்சொல் ஆயிரம் பாடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அளவில் செய்யுளில் ஆளப்படவில்லை என்பதே. ஆயிரத்து ஐந்நூறு பாடலுக்கு ஒருமுறை ஆளப்பட்ட சொல் இத்தொகுதியில் அறவே வராமற்போவது அத்துணை அரிதன்று. ஐந்துக்கு ஒருமுறை அவ்வாறு நேரும். பேச்சில் நாள்தோறும் வழங்கிய சொல்லுக்கும் இந்நிலை ஏற்படலாம்.

இதுவும் மிகத் தாராளமான கணக்கு. பாடல்கள் அளவால் ஒத்தவை அல்ல. ஐங்குறுநூற்றுப் பாடல் ஒன்றையும் மதுரைக்காஞ்சியையும் ஒவ்வொன்றாக எண்ணுவது முறையாகாது. தொகுத்தோர் தெரிந்தெடுத்தார்கள், அத்தெரிவு விதி நமக்கு முழுமையாகத் தெரியாது. 2022க்கு முன் சி.எம்.எஸ். சேமிக்காமல் விட்ட நிகழ்வுகளின் நிலையே தொகைகளில் இடம்பெறாத பாடல்களுக்கும். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லாப் பாடல்களும் அச்சொல்லைக் காணத்தக்க இடங்கள் அல்ல. உப்பு வணிகம் பற்றிய ஒரு சொல்லைக் குறிஞ்சிப் பாடல்களில் தேடிக் காணவில்லை எனல் இருளில் குடம் தேடுவது போன்றது.

ஆகவே மோதுவி ஆய்வாளர் அளவுகோற்சிதைவு ஒன்றைக் கொள்வது போல நாமும் அளவுகோற்சொல் ஒன்றைக் கொள்ளலாம். வணிகப் பண்டத்தின் பெயரொன்று இல்லை என வாதிடுவோர், அதே களத்தில் நன்கு வழங்கிய மிளகைக் குறிக்கும் 'கறி' என்னும் சொல் எத்தனை இடங்களில், எவ்வகைச் சூழலில் வருகிறது என்று முதலில் எண்ணிக் காட்டட்டும். அவ்விடங்கள் பல என்றால் வாதத்துக்கு வலு உண்டு. சில என்றால் வாதமும் அவ்வளவே. எடுத்துக்காட்டாக, ஒரு சொல் வரத்தக்க பாடல்கள் அறுபது என்று முடிவானால், வரம்பு இருபத்தாறு பாடலுக்கு ஒன்று என நலிந்துவிடும். அந்த அறுபது எவை என்பதையும், அவற்றுள் ஐயத்துக்கிடமான பாடவேறுபாடுகளை எவ்வாறு எண்ணுவது என்பதையும், சொல்லடைவைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.